செக் இன்ஜின் விளக்கு எரிந்தால், சென்சாரை வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனைகள்

செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரைச் செருகி, திரையில் தோன்றும் கோடு (பி0118 போன்ற பிழைக் குறியீடு) எந்தச் சென்சாரைக் குறிக்கிறதோ அதையே புதிதாக வாங்கி மாட்டிவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. தனக்கு வந்த அளவீடு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்று இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, பதிந்துவைக்கும் புகார்தான் கோடு. அந்த அளவீடு தவறியதற்குக் காரணம் சென்சாரா, வயரா, அல்லது இன்ஜினில் உண்மையாகவே இருக்கும் கோளாறா என்பதை நாம்தான் சோதித்து அறியவேண்டும்.

அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் கட்டாயமாக்கப்பட்ட, வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதியும் ஓபிடி-2 முறையின் 16 முனைச் சாக்கெட், இந்தியாவில் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடிப்புறத்தில் இருக்கும். செருகிய ஸ்கேனர் இயங்கவே இல்லையென்றால் அதன் 16ஆம் முனையில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். சிகரெட் லைட்டருக்கும் இதற்கும் ஒரே பியூஸ் உள்ள வண்டிகள் உண்டு. கோடு கிடைத்தவுடன் அதை அழிக்கக் கூடாது. கோளாறு பதிவான கணத்தில் இன்ஜின் வேகம், கூலன்ட் வெப்பம், லோடு (இன்ஜின்மீதுள்ள சுமை) ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் கோடுடன் சேர்ந்தே அழிந்துவிடும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே இழப்பு நேரும்.

கோடுகளில் மின்சுற்றைப் பற்றியவை ஒரு வகை. கூலன்ட் வெப்பச் சென்சாரின் சிக்னல் அளவுக்கு மீறி உயர்ந்திருப்பதைக் கூறும் பி0118 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு வயர் கொண்ட இச்சென்சாரின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் வரை இருப்பது, 80 டிகிரியைத் தாண்டும்போது சில நூறு ஓமாக இறங்கிவிடும். இசியு தன்னுள் உள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சாரால் அது எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்தே வெப்பத்தைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்திருந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். மதுரை வெயிலிலும் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும்.

இங்கே ஒரு சிறு வயர் துண்டே பாதி வேலையை முடித்துவிடும். இக்னிஷனை அணைத்துச் சென்சாரின் கப்ளரை (வயர் இணைப்பை)க் கழற்றி, வயரிங் பக்கக் கப்ளரின் இரண்டு முனைகளையும் அந்தத் துண்டால் இணைத்துவிட்டு, இக்னிஷனை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். மைனஸ் 40 மறைந்து வெப்ப அளவு உச்சத்துக்குப் போய்விட்டால், இசியுவும் வயரிங்கும் நலமாக உள்ளன; குறை சென்சாரிலோ அதன் முனைகளிலோதான் இருக்கவேண்டும். அளவு மாறவே இல்லையென்றால், புதிய சென்சார் வாங்கும் பணம் வீண்; வயர் எங்கே அறுந்திருக்கிறது, கப்ளர் முனையில் பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று தேடவேண்டும். இந்த இணைப்பு இரண்டு வயர் வெப்பச் சென்சாருக்கு மட்டுமே பொருந்தும். மூன்று வயர் உள்ள பிரஷர் சென்சாரிலோ த்ராட்டில் சென்சாரிலோ இதைச் செய்தால் 5 வோல்ட் சப்ளையே எர்த்தாகிவிடக்கூடும்.

அளவீடு வருகிறது, ஆனால் அது உண்மையா என்ற ஐயம் இருந்தால், இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். கூலன்ட் போதிய வெப்பத்தை எட்டவில்லை என்னும் பி0128 வந்து, இந்த ஒப்பீடும் சரியாக இருந்தால், சென்சாரை விட்டுவிட்டுத் திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டை (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை)ப் பாருங்கள்.

மற்றொரு வகைக் கோடுகளில் சென்சார் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கும். எரிபொருள் கலவை லீனாக (காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து) உள்ளது என்னும் பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். லீன் என்று சரியாகக் கண்டு சொன்னதற்கு அதற்குக் கிடைக்கும் தண்டனை அது. இங்கே பார்க்கவேண்டியது ஃப்யூயல் ட்ரிம், அதாவது இசியு தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்ற அளவு. குறுகியகால, நீண்டகால ட்ரிம் இரண்டையும் கூட்டினால் வரும் தொகை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை.

இந்தத் தொகையை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒருமுறையும் 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐடிலில் 25 சதவீதம் காட்டி, வேகம் கூட்டியதும் 5க்கு இறங்கினால், இன்டேக் (காற்று உள்ளிழுக்கும்) பக்கம் எங்கோ கள்ளத்தனமாகக் காற்று நுழைகிறது. இன்ஜின் நிறையக் காற்றை இழுக்கும்போது அந்தச் சிறு கசிவின் பங்கு குறைந்துவிடுவதால்தான் ட்ரிம் இறங்குகிறது. மாறாக, லோடு கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால், பெட்ரோல் பம்பு, ஃபில்டர், உள்ளே வரும் காற்றை அளக்கும், அழுக்கேறிய ஏர்-ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும். ஏர்-ஃப்ளோ சென்சார் இன்றி மேனிஃபோல்ட் (காற்று இன்ஜினுக்குள் செல்லும் குழாய்) பிரஷரை வைத்தே காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் இந்த விதி அப்படியே செல்லாது. அங்கே கசிந்து நுழையும் காற்றும் பிரஷரில் பதிவாகி, அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுவதால், ட்ரிம் அதிகம் மாறாமல் ஐடில் வேகம் மட்டும் உயரும். ஆகவே அத்தகைய வண்டியில் பி0171 வந்தால், பெட்ரோல் பிரஷர், இன்ஜெக்டர் அடைப்பு, ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் உள்ள கசிவு ஆகியவற்றை முதலில் பார்ப்பது நல்லது.

காற்றுக் கசிவைத் தேட, ஓடும் இன்ஜின்மீது கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் அருகில் அது தீப்பிடிக்கும், ஆகவே புகைவிட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்டே மேல். பழுதைச் சரிசெய்தபின் பதிந்த கோடுகளை அழித்து, ஃப்ரீஸ் ஃப்ரேமில் நீங்கள் எழுதிவைத்த அதே வேகத்திலும் லோடிலும் வண்டியை ஓட்டி, பென்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத பிழைக் குறியீடு) ஏதும் தோன்றுகிறதா என்று மீண்டும் ஸ்கேனரில் பார்க்கவேண்டும்.