எழுத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத திரை

கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டு, எழுத்துருவை மாற்றுவதிலும் ஓரங்களைச் சரிசெய்வதிலும் அரை மணி நேரத்தைக் கழிப்பவர்கள் ஃபோகஸ்ரைட்டரை முயன்று பார்க்கலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும் இந்த இலவச மென்பொருள் திறந்தவுடன் திரை முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். சுட்டியை மேல் விளிம்புக்குக் கொண்டுசென்றால்தான் பட்டியல்கள் கண்ணில் படும்.

முதலில் தீம் அமைப்பில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்றதோர் எழுத்துருவைத் தேர்ந்து, மேல் வரியின் ‘கூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளாதபடி வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். சொற்களின் அடியில் சிவப்புக் கோடுகள் தோன்றினால், முதல் வரைவு முடியும்வரை பிழைதிருத்தியை அணைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் பத்தி மட்டும் தெளிவாகத் தெரிய, மற்றவை மங்கியிருக்கும்படி அமைக்கவும் வழியுண்டு. தட்டச்சுப்பொறி ஓசையும் இருக்கிறது. எனக்கு அதுவே ஒரு கவனச்சிதறல்.

அன்றாட இலக்கை நிர்ணயிக்கும்போது, ஆங்கிலத்தில் எழுதுவோரின் 1000 சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பதை மென்பொருள் ஒரே சொல்லாகத்தான் எண்ணும். தமிழுக்கு 400 சொற்கள் தாராளம். சொல்லெண்ணிக்கை உறுத்தினால் 30 நிமிடம் என்று நேரத்தை இலக்காக வைக்கலாம்.

நடுவில் ஓர் ஆண்டோ பெயரோ நினைவுக்கு வராவிட்டால் உலாவியைத் திறக்காமல், அவ்விடத்தில் * என்று இட்டுவிட்டு மேலே எழுதுங்கள்; முடித்தபின் அக்குறிகளைத் தேடி நிரப்பிக்கொள்ளலாம். கைபேசியை மட்டும் எந்த மென்பொருளும் மறைத்துத் தராது என்பதால், அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.