எல்லாரும் கொண்டாடுற சீக்வல் உங்களுக்கு மட்டும் "ஓகே"வா? இப்படி செக் பண்ணிப் பாருங்க

சூப்பர்ஹீரோ படத்தோட அடுத்த பார்ட் வருது, டைம்லைன் பூரா கூஸ்பம்ப்ஸ், வேற லெவல்னு ஓடிட்டிருக்கு, நீங்களும் ஆசை ஆசையா போய் பாத்துட்டு வர்றீங்க, படம் மோசம்னும் சொல்ல முடியல ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் ஆகல. முதல் வேலை, அன்னிக்கு நைட்டே எதையும் போஸ்ட் பண்ணாதீங்க. மறுநாள் எந்த சீன் தானா ஞாபகத்துக்கு வருதுன்னு பாருங்க, அதைக் குறிச்சுக்கோங்க. எந்த இடத்துல போனை எடுத்து டைம் பாக்கணும்னு தோணுச்சோ அதையும் குறிச்சுக்கோங்க. பொத்தாம்பொதுவா "லேக்", "மொக்கை"ன்னு சொல்றதைவிட இந்த ரெண்டு இடத்துல விஷயம் ஜாஸ்தி இருக்கும்.

2007ல வந்த ஸ்பைடர்மேன் 3யையே எடுத்துக்கோங்க. மணலா மாறிப்போன வில்லன் சாண்ட்மேன் உருவாகுற சீன்ல டயலாக்கே கிடையாது. மணல் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து ஆளா எழும்பப் பாக்குது, சரிஞ்சு விழுது, கீழ கிடக்குற மகளோட போட்டோ வெச்ச லாக்கெட்டை எடுக்கப் போனா கை பொலபொலன்னு உதிருது. அந்த ஆள் யாரு, அவனுக்கு என்ன வேணும், எல்லாம் அதுக்குள்ளயே வந்துருது. அதே படத்துல ஸ்பைடர்மேனா இருக்குற பீட்டரோட ஃப்ரெண்ட் ஹாரி, தன் அப்பாவைக் கொன்னது பீட்டர்தான்னு வருஷக்கணக்கா கறுவிட்டு இருக்கான், கடைசி நேரத்துல வீட்டு வேலைக்காரர் வந்து "உங்க அப்பாவோட காயத்தை நான்தான் சுத்தம் பண்ணேன், அவர் ஏறிப் பறக்குற கிளைடர்தான் அவரைக் குத்தியிருக்கு"ங்கற மாதிரி சொல்றார். யோவ், இதை போன படத்துலயே சொல்லியிருக்கலாம்ல! ஆக சிஜியும் நடிப்பும் இங்க பிரச்சினை இல்ல, அவசர அவசரமா முடிச்சை அவிழ்க்குற திரைக்கதைதான் பிரச்சினைன்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

அடுத்து, படத்துல வர்ற ஒவ்வொரு முக்கியமான ஆளுக்கும் "இவனுக்கு என்ன வேணும்?"னு ஒரே வரியில சொல்லிப் பாருங்க. ரெண்டு மூணு பேருக்கு சொல்ல வரலைன்னா கூட்டம் ஜாஸ்தி. மேல சொன்ன படத்துலயே சாண்ட்மேன், ஹாரி, வெனம்னு மூணு வில்லன், அதுல வெனம் முழுசா வர்றதே பாதிக்கு மேல போனதுக்கு அப்புறம்தான். படம் சரியா அமையலன்னு அதோட டைரக்டர் சாம் ரைமியே பின்னாடி ஒரு பாட்காஸ்ட்ல ஒத்துக்கிட்டார்.

அப்புறம் இது அடுத்த படத்துக்கான விளம்பரமான்னு பாருங்க. ஒரு சீனை தூக்கிட்டா இந்தக் கதைக்கு ஏதாவது குறையுதா? 2015ல வந்த அவெஞ்சர்ஸ் படம் ஏஜ் ஆஃப் அல்ட்ரான்ல தோர்ங்கற ஹீரோ ஒரு குகைக்குள்ள போய் தண்ணில இறங்கி இன்ஃபினிட்டி ஸ்டோன்ஸ்ங்கற சக்தி வாய்ந்த கற்கள் பத்தின காட்சியெல்லாம் பாப்பாரே, அதோட பெரிய பலன் 2018ல வந்த இன்னொரு அவெஞ்சர்ஸ் படம் இன்ஃபினிட்டி வாருக்குத்தான் போச்சு. அந்த குகை சீனை வெச்சு ஸ்டுடியோவுக்கும் தனக்கும் மல்லுக்கட்டு நடந்ததா டைரக்டர் ஜாஸ் வீடனே பேட்டியில சொல்லியிருக்கார். அந்த இடத்துல நீங்க நெளிஞ்சிருந்தா தப்பு உங்க மேல இல்ல.

ஆனா ஒண்ணு, முதல் பார்ட்டோட கிக்கை அப்படியே திரும்ப எதிர்பாக்கறது நியாயம் இல்ல. ஒண்ணுமில்லாத ஒருத்தனுக்கு சக்தி கிடைச்சு அவன் தட்டுத்தடுமாறி பழகுறது இருக்கே, அது ஒரு தடவைதான் வேலை செய்யும். அதுக்குப் பதிலா ரெண்டாவது படம் புதுசா என்ன சிக்கலைக் கொண்டு வந்துச்சுன்னு கேளுங்க. ஒண்ணும் இல்ல, ஊரை அழிக்க இன்னும் பெரிய ஆள் வந்தான் அவ்ளோதான்னா தாராளமா திட்டலாம்.

நம்பரைக் காட்டி யாராவது வாயடைக்க வந்தா அசராதீங்க. விமர்சனங்களைத் தொகுக்குற ராட்டன் டொமேட்டோஸ் வெப்சைட்டோட பர்சன்டேஜ் மார்க் கிடையாது, எத்தனை சதவீத விமர்சகர்கள் தேறும்னு சொன்னாங்கங்கற கணக்கு. எல்லாருமே "ஒரு தடவை பாக்கலாம்"னு எழுதினாலும் 100 வந்துரும். கலெக்‌ஷனும் அப்படித்தான், ஸ்பைடர்மேன் 3 முதல் வீக்கெண்ட்ல அமெரிக்கா, கனடாவுல மட்டும் 15 கோடி டாலர் எடுத்து அப்போ ரெக்கார்ட் போட்டுச்சு, அந்தக் கூட்டம் வந்ததுல பெரும்பங்கு முதல் ரெண்டு படம் சம்பாதிச்ச பேருக்குத்தான்.

ஃபேன்ஸ்கிட்ட பேசும்போது "உனக்கு எப்படிடா இது புடிச்சுது"ன்னு ஆரம்பிச்சா சண்டைதான். உங்களுக்கு வொர்க் ஆன சீனை முதல்ல சொல்லிட்டு, ஆகாத சீனுக்குப் போங்க. அவங்க சொல்ற காமிக்ஸ் ரெஃபரன்ஸ் எல்லாம் தெரிஞ்சாதான் படம் புரியும்னா அதுவும் படத்தோட குறைதான், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. இன்னும் பாக்காதவங்க பக்கத்துல இருந்தா கதையை உளறாதீங்க, எரிச்சல் உங்களோட போகட்டும்.

ரெண்டாவது தடவை பாக்கறதா இருந்தா ஓடிடியில வந்ததும் நீங்க குறிச்சு வெச்ச ரெண்டு சீனை மட்டும் போட்டுப் பாருங்க. டைம் பாத்த சீன் இப்ப புடிச்சிருந்தா அன்னிக்கு ஹைப்தான் கெடுத்திருக்கு, மீதிப் படத்தையும் ஓட விடுங்க. இப்பவும் கை ஃபார்வர்ட் பட்டனுக்குப் போச்சுன்னா அதோட மூடிட்டு வேற ஏதாவது பாருங்க.