குழந்தையின் டர்ட் பைக்கில் செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு மகள் பொத்தானை அழுத்துகிறாள். சீட்டுக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி அழுத்தினால் மறுபடி 'டிக்'. பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்கி மாட்டினேன். ஒரு நாள் ஓடியது. மறுநாள் அதே 'டிக்'. பழைய பேட்டரியில் எந்தக் குறையும் இல்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர்கள், உப்புத்தாள். மலிவான மீட்டரே போதும். பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் எரியும் பேட்டரி சோதனைக் கருவியை வாங்காதீர்கள். இந்த வேலைக்கு எண் தெரிந்தாக வேண்டும்.

முதலில் எளியவை

பைக்கை வெட்டவெளியில் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். கில் சுவிட்ச் (எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) சரியான பக்கம் இருக்கிறதா, குழந்தையின் மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புக் கயிறு அதன் இடத்தில் பொருந்தியிருக்கிறதா, ஃபியூஸ் எரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகளும் உண்டு. பொத்தானை அழுத்தும்போது எந்தச் சத்தமுமே வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும்.

ஓய்வு வோல்டேஜ்

வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்து பாருங்கள். சாதாரண 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. சார்ஜரிலிருந்து கழற்றிய உடனே அளக்காதீர்கள். அப்போது தெரிவது மேலோட்டமான சார்ஜ்தான், எண் கூடுதலாகவே காட்டும்.

இந்தச் சின்ன பேட்டரிகள் பெரும்பாலும் 4 அல்லது 5 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ளவை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது அரை ஆம்பியர் அளவில் சார்ஜ் ஏற்றுவதே நல்லது. கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை மாட்டினால் சூடேறி உப்பிவிடும். நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் ஒரு ஆம்பியருக்கு உட்பட்ட தானியங்கி சார்ஜரைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

சுமை கொடுத்துப் பாருங்கள்

மீட்டரின் முனைகளை பேட்டரி டெர்மினல்களில் வைத்துக்கொண்டு இன்னொருவரை பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். மூன்று வினாடி போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். நிறைந்திருந்த பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரிதான் பலவீனம், மாற்றலாம். (செல்ஃப் மோட்டாரோ எஞ்சினோ இறுகிப் போயிருந்தாலும் இப்படிச் சரியும். கிக்கரால் எஞ்சின் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

வோல்டேஜ் அவ்வளவாக இறங்கவில்லை, மோட்டாரும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைத் தொடாதீர்கள். மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது.

நான் தடுக்கி விழுந்த இடம்

என் வண்டியில் பொத்தானை அழுத்தியபோது பேட்டரி 11.4 காட்டியது. மோட்டார் அசையவில்லை. சிவப்பு வயரை முனை முதல் முனை வரை தேய்த்துத் துடைத்தேன். கறுப்பு வயரை, அதாவது எர்த் வயரை, பேட்டரிப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதன் மறுமுனை எஞ்சினின் அடியில், சேறு அப்பிய ஒரு போல்ட்டில் இருந்தது.

செய்ய வேண்டியது இதுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் வையுங்கள். மறுமுனையை எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் எண் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எனக்கு 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி கொடுத்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு இணைப்பிலேயே வீணாகிக்கொண்டிருந்தது. போல்ட்டில் கைவைத்தேன், சுட்டது.

கழற்றிப் பார்த்தால் வயரின் வளையத்துக்கு அடியில் கறுப்பு வண்ணப்பூச்சு, அதன் மேல் செம்பழுப்புத் துரு. நடுவில் நகக்கண் அளவுக்கு மட்டும் உலோகம் பளபளத்தது. அந்த ஓரிடத்தின் வழியாகத்தான் இத்தனை நாளும் வண்டி கிளம்பியிருக்கிறது. உலோகம் வெளுக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே மட்டும் கிரீஸ் தடவினேன். அடுத்த அழுத்தலிலேயே மோட்டார் சுழன்றது.

எர்த் சரியாக இருந்தால் இதே முறையில் ஸ்டார்ட்டர் ரிலேயின் (பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்று மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) இரண்டு தடித்த டெர்மினல்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 'டிக்' கேட்ட பிறகும் பேட்டரியின் முழு வோல்டேஜையும் காட்டினால் ரிலேயின் உள்தொடுமுனைகள் கருகிவிட்டன. ஸ்க்ரூ டிரைவரை குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கச் சோதிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அருகில் பெட்ரோல் டேங்கும் குழந்தையும் இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா

எஞ்சினைச் சற்று முறுக்கி வைத்து பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஸ்டேட்டரையோ (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) ரெகுலேட்டரையோ (அந்த மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற அளவில் கட்டுப்படுத்தும் பாகம்) பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பேட்டரியைக் கொன்றுவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதா? பெரும்பாலும் குழந்தைகள் ஓட்டும் விதம்தான் காரணம். பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை வண்டி நின்றுபோகும், ஐந்து முறை பொத்தானை அழுத்துவார்கள். நடுவில் மெதுவாக ஓட்டுவதில் செலவழிந்தது திரும்ப ஏறாது. ஓட்டிய நாளின் இரவில் சார்ஜரில் போட்டுவிடுகிறேன். ஓட்டாத காலத்தில் மாதம் ஒருமுறை.

பின்சேர்க்கை

12.8 காட்டியும் செல்ஃப் எடுக்கவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடையது லித்தியம் பேட்டரி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை நிறைந்திருக்கும்போது 13.3 அளவில் நிற்கும். 12.8 என்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அதற்கு லித்தியத்துக்கான சார்ஜர்தான் வேண்டும்.

சும்மா நிறுத்தி வைத்தாலே இரண்டு வாரத்தில் இறங்கிவிடுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் வயருக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். கடிகாரம் போன்ற எதுவும் இல்லாத வண்டியில் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்ட வேண்டும். மின்சாரம் கசிந்தால் ரெகுலேட்டரின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். கசிவு நின்றால் அதுதான் காரணம். இந்தச் சோதனை நடக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டர் பொத்தானில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.