நொண்டும் நாய்க்கு ஸ்கேனா? நல்ல காலையும் பார்க்கச் சொல்லுங்கள்

நாயோ பூனையோ நொண்டுகிறது, எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் பட்ட காயம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் சிக்காது, அல்ட்ராசவுண்டில் தெரியும். நலமான தசைநாண் நெருக்கமான வெள்ளை இழைகளாக ஓடும். கிழிந்த இடத்தில் இழைகள் குலைந்து கருத்திருக்கும். ஆனால் கருவி சற்றே சாய்ந்தாலும் நல்ல தசைநாணே கருப்பாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்! அதனால்தான் அடிபடாத காலையும் அதே இடத்தில் பார்த்து ஒப்பிடும்படி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். இரண்டு காலிலும் முடியை மழிப்பார்கள். வளர்ந்துவிடும், தயங்க வேண்டாம். நொண்டல் நின்றதுமே ஓடவிடாதீர்கள், பாவம். தசைநாண் மெதுவாகத்தான் ஆறும். மறு ஸ்கேனில் இழைகள் மீண்டும் ஒன்றுசேர்ந்து சீராகியிருப்பதைப் பார்த்த பிறகு, மருத்துவர் சொல்கிறபடி நடையைக் கூட்டுங்கள்.