ஜெட்டில் கம்பியை நுழைக்காதீர்கள்: பழைய அவுட்போர்டு கார்புரேட்டரில் நடக்கும் தவறுகள்

ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது குமரி மாவட்டத்தில் குளச்சல் முதல் நீரோடி வரை கரையில் வள்ளங்கள் ஏறிக் கிடக்கும். கடல் அடங்கி, வள்ளத்தின் பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினை மறுபடி மாட்டும்போதுதான் தொல்லை தொடங்கும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும். ஸ்டார்ட் ஆனாலும் ஸ்லோவில், அதாவது வேகம் கொடுக்காத ஓட்டத்தில், நிற்காது, வேகம் கூட்டினால் இருமிக்கொண்டு அணையும். உடனே பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "கார்ப்ரேட்டர கழத்தி கழுவுனா எல்லாம் சரியாவும்."

கார்புரேட்டர் என்பது எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பாகம். அதைக் கழுவுவது தப்பில்லை, கழுவுகிற விதத்தில்தான் எஞ்சின் போகிறது. நம் கரைகளில் ஓடும் பழைய யமஹா, சுசூகி எஞ்சின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக். அவற்றில் பிஸ்டனுக்குத் தனியாக ஆயில் போவதில்லை. எரிபொருளோடு கலந்த ஆயில்தான் எல்லாம். எரிபொருளை அளந்துவிடும் பொடித் துளையுள்ள ஜெட் பாதி அடைத்தால் பெட்ரோல் மட்டும் குறைவதில்லை, ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடிக்கும். கார்புரேட்டரில் செய்த தவறுக்கான செலவு, சிலிண்டரைக் கடையும் போரிங் பட்டறையில் வந்து நிற்பது இப்படித்தான்.

சந்தேகத்தை உறுதி செய்யாமலே ஸ்பேனரை எடுப்பது முதல் தவறு. எஞ்சின் தடுமாறும்போது எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பல்பை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியதும் தெளிந்து ஓடினால் கோளாறு பெரும்பாலும் ஃபியூயல் பம்பில், அதன் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கும். இல்லையென்றால் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் வேகம் பிடித்தால் எஞ்சினுக்கு எரிபொருள் போதவில்லை. பம்பும் குழாயும் நல்லவையென்றால் ஜெட் அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் மசியாவிட்டால் பிளக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பக்கம் போங்கள். கம்ப்ரஷன் இறங்கிய எஞ்சினுக்கு எத்தனை கார்புரேட்டர் ரிப்பேர் கிட் மாற்றினாலும் பயனில்லை.

இனி அந்தக் கம்பி. ஜெட் பித்தளை, மென்மையான உலோகம். மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், ஸ்லோ ஜெட் அதைவிடப் பொடிசு. அதில் பைக் கேபிளின் இழையையோ ஊக்கையோ விட்டுக் குடைந்தால் அடைப்பு போகும், அளவும் போகும். தலையில் பொறித்த எண் அப்படியே இருக்கும், ஆனால் அந்த எண்ணுக்கு இனி அர்த்தமில்லை. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். பிடிவாதமான அழுக்குக்கு மெல்லிய தங்கூசி (நைலான் நரம்பு) போதும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஜெட்டைத் துடைத்துவிட்டு கார்புரேட்டர் உடம்பிலுள்ள வழிகளை விட்டுவிடுவதும் சகஜம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தட்டின் பக்கத்தில் ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாக இருக்கும். ஸ்லோவும், ஸ்லோவிலிருந்து வேகம் எடுப்பதும் அவற்றின் கையில்தான். ஸ்ப்ரேயை ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் ஒவ்வொரு துளையிலும் பீய்ச்ச வேண்டும். பெட்ரோல் கிண்ணத்தில் மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில், ஓரிங் எல்லாவற்றையும் எடுத்த பிறகே காற்று அடியுங்கள். இருந்தபடியே அடித்தால் உள்ளீடற்ற ஃப்ளோட் நசுங்கும், நீடில் பறந்து மணலில் விழும். கடற்கரை மணலில் அதைத் தேடுவதைவிடப் புதிது வாங்குவது லாபம்! தின்னரில் மொத்தமாக ஊறப்போட்டால் ரப்பர் உப்பி, திரும்பப் பொருந்தாது.

மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்குப் பசை தடவும் பழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். பிதுங்கிய பசை நாளடைவில் பெட்ரோலில் பிய்ந்து ஜெட்டிலேயே போய் உட்காரும். புதுக் கேஸ்கெட்டைப் பழையதன் மேல் வைத்துத் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். விலை குறைந்த கிட்டில் ஒரு துளை விட்டுப்போயிருந்தால் காற்றுவழியே அடைபடும்.

ஸ்லோவுக்கான கலவையைச் சரிசெய்யும் ஸ்லோ ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். அடியில் தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனை மழுங்கிவிடும், பிறகு எப்படித் திருகினாலும் ஸ்லோ நிற்காது. இரண்டு மூன்று கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் ஒவ்வொன்றின் பாகங்களையும் தனித்தனித் தட்டில் போடுங்கள். சில மாடல்களில் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஜெட் எண் மாறும். மூடுமுன் ஃப்ளோட் உயரத்தை மேனுவலில் சொன்ன மில்லிமீட்டருக்கு வையுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் கூடினால் வழியும், குறைந்தால் முழு வேகத்தில் பட்டினி. கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்ரோல் வரும் குழாயில் வாயால் ஊதினால் காற்று போகக்கூடாது, நிமிர்த்தினால் போக வேண்டும். பீடி குடிப்பவர்கள் இந்த வேலை முடியும்வரை தள்ளி நிற்கட்டும்.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்குத் தனிக் கணக்கு. அதன் ஜெட்டும் ஆயில் அளவும் பெட்ரோல் மாடலிலிருந்து வேறுபடும். உருவம் ஒன்றுபோல இருக்கிறதென்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள். கரை நெருங்கும்போது பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சநேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, கிண்ணத்தில் அதுவே நின்றால் மறுநாள் விடியலில் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுக்கும்.

பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். ஃப்ளோட் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி கண்டால் அந்த அரிப்புதான், உப்புத்தண்ணீர் புகுந்தாலும் இதே கதி. பழைய ரப்பர் குழாயின் உள்சுவர் இளகிக் கறுப்புத் துகளாக உதிரும். குழாயையும் ஃபில்டரையும் மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுகிறவர் கொஞ்ச நாளில் மறுபடி கழுவுவார். ஓய்வு மாதத்துக்கு முன் கிண்ணத்தைக் காலியாக்குவது இதையெல்லாம்விட மலிவான வேலை.

மாட்டியதும் தண்ணீர் டிரம்மில் ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகும். டிரம்மில் நன்றாக ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே தெரிவது ஸ்லோ மட்டும். மெயின் ஜெட்டின் உண்மை பாரத்தோடு முழு வேகத்தில்தான் வெளிவரும். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் அலையில் வள்ளம் கவிழ்ந்து போன உயிர்கள் எத்தனை! சோதித்துப் பார்க்காத எஞ்சினோடு அப்படிப்பட்ட இடத்தைக் கடக்க வேண்டாம். அமைதியான நீரில், இன்னொரு வள்ளம் துணையாக இருக்க, முழு வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் அப்படியே அணைத்துப் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. ஈரமான கறுப்பு, பெட்ரோல் அதிகம். வெளுத்துக் காய்ந்திருந்தால் பட்டினி. திரும்பக் கழற்றத்தான் வேண்டும். ஒரே கார்புரேட்டர் இரண்டு சிலிண்டருக்கும் ஊட்டும் எஞ்சினில் ஒரு பிளக் மட்டும் வெளுத்திருந்தால் கார்புரேட்டரைக் குறை சொல்லாதீர்கள், அந்தப் பக்கத்து கிராங்க் தண்டின் சீலில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.