மட்டக்களப்பு, அம்பாறையில் மின்சார கெப் வாங்கி ஓட்ட ஒரு வழிமுறை

நெல் மூட்டை, மீன் பெட்டி, சீமெந்து, கல்யாண வீட்டுக் கதிரை எல்லாம் ஏறுவது பின்னால் திறந்த தொட்டி உள்ள கெப்பில்தான். 2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து மின்சார கெப் வாங்கலாமா என்று பலரும் விசாரிக்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் டீசல் கெப்பில் கைவந்த பழக்கங்களில் நாலைந்தைக் கைவிட வேண்டும். உப்புத் தண்ணீர் விசயத்தில் மட்டும் இம்மியளவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலில் பாரக் கணக்கு

விற்பவர் சொல்லும் சுமை அளவுக்குள் ஆட்களும் அடக்கம். இசுசு டி-மேக்ஸ் மின்சார மாதிரி சுமார் 1,010 கிலோ தாங்கும். ஐந்து பேர் ஏறினால் அதில் 350 கிலோ போய்விடும். மிஞ்சுகிற 660 கிலோவுக்கு 65 கிலோ நெல் மூட்டை பத்துதான் ஏற்றலாம். டொயோட்டா ஹைலக்ஸின் மின்சார மாதிரிக்குச் சுமை சுமார் 715 கிலோ. அதே ஐந்து பேரோடு ஐந்து மூட்டைதான். பெற்றரியும் பெட்ரோல் என்ஜினும் சேர்ந்து ஓடும் பிவைடி ஷார்க் 6-க்கு 790 கிலோ.

பின்பக்க வில்லுத்தகட்டைக் கூட்டிவிட்டு இன்னும் ஐந்து மூட்டை ஏற்றுவது இங்கே வழக்கம். மின்சார கெப்பில் அது சரிவராது. பெற்றரியே பல நூறு கிலோ எடை. வில்லு தாங்கினாலும் டயரும் பிரேக்கும் அச்சும் தாங்காது. டயர் மாற்றும்போது பக்கச் சுவரில் உள்ள சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

பின் தொட்டிக்குக் கூடு அடிக்க நினைத்தால் உற்பத்தியாளர் விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். தொட்டித் தளத்தில் துளை போடக் கூடாது. கீழே செம்மஞ்சள் நிற உயர் அழுத்த வயரும் குளிரூட்டும் குழாயும் போகலாம். சட்டத்தில் வெல்டிங் வைப்பதென்றால், உயர் அழுத்த இணைப்பைக் கழற்றப் பயிற்சி எடுத்தவர் இருக்கும் கராஜில் மட்டுமே.

வீட்டில் சார்ஜ் போடுதல்

சாதாரண வீட்டுக்கு மின்சார சபை தருவது ஒற்றைக் கட்டம், 30 அம்பியர். 230 வோல்ட்டில் அது மொத்தமே 6.9 கிலோவாட். 32 அம்பியர் சுவர் சார்ஜர் ஒன்றே 7.4 கிலோவாட் இழுக்கும். அதைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்ப் பம்பைப் போட்டால் மெயின் விழுந்துவிடும். அதனால் சார்ஜரை 16 அம்பியருக்கு, அதாவது 3.7 கிலோவாட்டுக்குக் குறைத்து வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் மூன்று கட்ட இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மின்சார சபையின் குறைந்த தேவை நேரம். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் அப்போதுதான் அலகு மலிவு. அந்த ஏழு மணித்தியாலத்தில் 3.7 கிலோவாட் போட்டால் சுமார் 26 அலகு போகும், இழப்புக் கழித்துப் பெற்றரியில் சேர்வது 22 அல்லது 23. பாரத்தோடு 100 கிலோமீற்றருக்கு 28 அலகு என்று கணக்கு வைத்தால் ஒரு இரவுச் சார்ஜ் சுமார் 80 கிலோமீற்றர் தரும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்வர அது சரியாக இருக்கும். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். டி-மேக்ஸின் 66.9 அலகுப் பெற்றரியில் பத்து வீதத்துக்கும் தொண்ணூறு வீதத்துக்கும் இடையில் ஓட்டினால் பாரத்தோடு சுமார் 190 கிலோமீற்றர்தான் வரும் என்பதால், வழியில் ஒரு தடவையாவது வேகச் சார்ஜருக்கு நிற்க வேண்டும். எங்கே நிற்பது, அந்தச் சார்ஜர் வேலை செய்கிறதா என்பதைப் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். 16 அம்பியருக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயரும் 20 அம்பியர் பிரேக்கரும் தனியாக இழுங்கள். பின்னாளில் 32 அம்பியருக்கு மாறும் எண்ணமிருந்தால் இப்போதே 6 சதுர மி.மீ. போட்டுவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ட்ரிப் சுவிட்சை நம்பி விடக் கூடாது. பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மாறோட்ட (ஏசி) கசிவை மட்டும் பிடிக்கும் வகை. வாகனச் சார்ஜரில் நேரோட்டம் (டிசி) கசியலாம். கசிந்தால் அந்தச் சுவிட்ச் மரத்துப்போய், ஆளுக்குக் கரண்ட் அடித்தாலும் விழாமல் நிற்கும். ஆகவே 6 மில்லியம்பியர் நேரோட்டக் கசிவைத் தானே கண்டறியும் சார்ஜரை ‘ஏ’ வகை ட்ரிப் சுவிட்சோடு போடுங்கள். இல்லையென்றால் ‘பி’ வகைச் சுவிட்ச் வேண்டும்.

எர்த் கம்பிதான் இந்தக் கரையோரத்தின் தீராத தலைவலி. கல்லடி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று மணலில் மாரி காலத்தில் அளந்தால் எர்த் நன்றாகத்தான் காட்டும். ஆடி, ஆவணியில் மேல்மணல் காய்ந்ததும் தடை பல மடங்கு ஏறும், சார்ஜரும் பிழை காட்டி நின்றுவிடும். பெற்றரி பழுது என்று பயந்து வண்டியைக் கராஜுக்கு அனுப்புமுன் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். ஈர மண் தட்டும் வரை கம்பியை இறக்க வேண்டும். ஒரு கம்பி போதாவிட்டால், கம்பியின் நீளமளவு இடைவெளி விட்டு இன்னொன்றை அடித்து இரண்டையும் இணைக்கலாம். வெயில் காலத்திலேயே 10 ஓமுக்குக் கீழே நிற்கும்படி பாருங்கள்.

மூன்று ஊசிப் பிளக்கில் போடுவது அவசரத்துக்கு மட்டும், அதுவும் 10 அம்பியருக்கு மேல் வேண்டாம். பத்து வருடம் பழகிய பிளக் பொயின்டின் உள்தகடு தளர்ந்திருக்கும். மணிக்கணக்கில் 10 அம்பியர் போனால் அந்தத் தளர்விலேயே சூடேறி உருகும். அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். சுருட்டி வைத்த நீட்டிப்பு வயரும் அடாப்டரும் கூடவே கூடாது.

சார்ஜரைப் பூட்டும் உயரத்தை 2011 ஜனவரி வெள்ளத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். தண்ணீர் வந்து நின்ற கோடு பல வீட்டுச் சுவர்களில் இன்னும் தெரியும். அதற்கு அரை மீற்றர் மேலே பூட்டினால் நிம்மதி.

தண்ணீர்

மின்சார கெப் தண்ணீரில் இறங்கலாம். டி-மேக்ஸுக்கு 600 மி.மீ., ஹைலக்ஸுக்கும் ஷார்க் 6-க்கும் 700 மி.மீ. என்று உற்பத்தியாளர் சொல்கிறார். அந்த அளவு, ஆள் நடக்கிற வேகத்தில் போகும்போது, ஓடாத தண்ணீருக்குத்தான் பொருந்தும். ஓடும் தண்ணீரில் அரை மீற்றர் ஆழமே கெப்பைத் தூக்கிவிடும். எடை கூடிய வண்டி என்ற தைரியம் வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தையே அடித்துச் சென்று, மத்ரஸா மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனது. வீதிக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். உள்ளே பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

வயல் வட்டைக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் என்றால் முதலில் ஒரு தடியில் 50 சென்ரிமீற்றருக்குக் கோடு போட்டு, நடந்து அளந்து பாருங்கள். வாய்க்கால் வெட்டு, மதகடிப் பள்ளம் இரண்டும் மேலிருந்து தெரியாது. நீண்ட தூரம் ஓடிய சூட்டோடு உடனே இறங்காமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான மோட்டரும் கியர்ப் பெட்டியும் தண்ணீரில் சடாரென்று குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கும். காற்றுப் போய்வர விட்டிருக்கும் மூச்சுக்குழாய் தாழ்வாகவோ அடைத்தோ இருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஆழமான தண்ணீர் கடந்தால் அந்த வாரத்துக்குள் கியர் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும்.

இதெல்லாம் நல்ல தண்ணீருக்கு. வாவித் தண்ணீரோ, முகத்துவாரம் வழியே ஏறும் கடல் தண்ணீரோ வேறு விசயம். உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். பெற்றரிப் பெட்டிக்குள் அது புகுந்தால் இணைப்புகளுக்கிடையே கசிவும் அரிப்பும் தொடங்கும். வற்றிய பிறகும் படிந்த உப்பு பாலம் போலக் கிடந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும். தீ அன்றைக்கே பிடிக்கலாம், சில நாள் அல்லது சில கிழமை கழித்தும் பிடிக்கலாம். 2022-இல் புளோரிடாவை இயான் சூறாவளி தாக்கியபோது கடல் தண்ணீரில் மூழ்கிய மின்சார வாகனங்கள் பிறகு தீப்பற்றியது இப்படித்தான். மாரியில் வாவி நன்னீராக இருக்கும், கோடையில் உவர்க்கும். எந்த நாளில் எவ்வளவு உப்பு என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால், வாவித் தண்ணீரை எப்போதும் உப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படகு இறக்க டிரெய்லரோடு கெப்பைத் தண்ணீருக்குள் பின்னால் விடவே கூடாது. நீளக் கயிற்றால் டிரெய்லரை மட்டும் இறக்கி இழுங்கள்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் சார்ஜைக் கழற்றி, சார்ஜரின் பிரேக்கரை இறக்கிவிட்டு, கெப்பை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். தப்பாமல் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் பண்ணவோ சார்ஜில் போடவோ கூடாது. புஸ் என்ற சத்தம், குமிழி, புகை, இனிப்பான இரசாயன வாசனை இருக்கிறதா என்று தூர நின்று கவனியுங்கள். ஒன்றிருந்தாலும் கிட்டப் போக வேண்டாம். தட்டையான லொறியில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். சக்கரம் உருள இழுத்தால் மோட்டரே கரண்ட் உற்பத்தி செய்யும். வீடு, வைக்கோல் போர், படகு, வேறு வாகனம் எதிலிருந்தும் குறைந்தது 15 மீற்றர் தள்ளி வெளியில் நிறுத்துங்கள். கராஜ்காரருக்கு உப்புத் தண்ணீரில் மூழ்கியது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மறைத்தால் ஆபத்து அவருக்கு. தீப்பிடித்தால் சிறிய அணைப்பானால் பெற்றரித் தீ அடங்காது. ஆட்களை விலக்கி, தீயணைப்புப் படையை அழைத்து, மின்சார வாகனம் என்பதை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அணைந்த பிறகும் மறுபடி பற்றும்.

அன்றாட ஓட்டத்தில்

வேகம் குறைக்கும் வேலையை மோட்டரே செய்வதால் பிரேக் தட்டு அதிகம் தேயாது. கடல்காற்றில் அதுவே வினை. தேயாத தட்டில் துரு ஏறும், தட்டை அழுத்தும் பிடிப்பானின் ஊசி இறுகிவிடும். கிழமைக்கு ஒரு தடவை வெறும் வீதியில் மோட்டர் பிரேக்கைக் குறைத்து வைத்து, 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஐந்தாறு தடவை காலால் அழுத்திப் பிடியுங்கள். முதல் இரண்டு தடவை கரகர என்று கேட்கும், பிறகு சத்தம் அடங்கும். அடங்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மீன் பெட்டி ஏற்றிய நாளில் தொட்டியையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஐஸ் கரைந்து வடிவதும் உப்புத் தண்ணீர்தான். வேகப் பீச்சலைச் செம்மஞ்சள் வயரிலும் அதன் இணைப்புகளிலும் நேராக அடிக்காதீர்கள்.

மெதுவாகப் போகும் மின்சார கெப்புக்குச் சத்தமில்லை. எச்சரிக்கை ஒலி இருந்தாலும் பெரும்பாலும் 20 கிலோமீற்றர் வேகத்தோடு நின்றுவிடும். இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு டீசல் சத்தத்துக்கு எழும்பும், இதற்கு எழும்பாது. எடையும் கூட என்பதால் இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வயல் வரம்பில் வண்டியின் அடி தட்டினால் அன்றே குனிந்து பெற்றரித் தட்டைப் பாருங்கள். சுரண்டல் பரவாயில்லை, உள்நோக்கிய நசுங்கல் இருந்தால் சார்ஜ் போடாமல் காட்டுங்கள். வண்டி தூக்கும் ஜக்கையும் குறித்த இடத்தில் மட்டும் வையுங்கள், பெற்றரிப் பெட்டியின் கீழ் வேண்டாம். வண்டி அடியோடு உயிரற்றுக் கிடந்தால் முதலில் 12 வோல்ட் சிறு பெற்றரியைச் சோதியுங்கள். அது இறங்கினால் பெரிய பெற்றரி நிறைந்திருந்தும் இணையாது.

கரண்ட் இல்லாத நாளில்

சில கெப்புகளில் வெளியே கரண்ட் எடுக்கும் வசதி உண்டு. விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசி எல்லாம் இலகுவாக ஓடும். கிணற்றுப் பம்பு அப்படியல்ல. ஒரு குதிரைவலுப் பம்பு ஓடும்போது ஒரு கிலோவாட் அளவு எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 3.3 கிலோவாட் தரும் வண்டி அதில் நின்றுவிடும், பம்பை மெதுவாகத் தொடக்கும் மென்தொடக்கி பூட்டினால் ஓடலாம். இரண்டு பக்கமும் ஊசி உள்ள வயரைச் செய்து வீட்டுப் பிளக் பொயின்டில் ஒருபோதும் குத்தாதீர்கள். அந்தக் கரண்ட் மீற்றரைத் தாண்டி வெளி லைனுக்கு ஏறும். புயலுக்குப் பின் தூணில் ஏறி வேலை செய்யும் சபை ஊழியர் செத்துப்போவார். வீட்டுக்கே கொடுப்பதென்றால் வெளி லைனைத் துண்டித்து வண்டிக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்சை மின்னியலாளர் பூட்ட வேண்டும். அது வரும்வரை சாமானை நேராக வண்டியின் பிளக்கில் போடுங்கள்.