பெர்மிட் ரத்தாகிவிட்டது என்று சொன்னால் என்ன செய்வது?

இலங்கையின் வன்னியிலுள்ள இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் வயல் செய்வோர் பலரிடம் இருப்பது சொந்தக் காணிக்கான உறுதிப்பத்திரம் அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். "அது ரத்தாகிவிட்டது" என்று கந்தோரில் வாய்ச்சொல்லாகச் சொன்னால், அங்கேயே நின்று வாதாடிப் பயனில்லை. பெர்மிட்டை ரத்துச்செய்யப் பிரதேச செயலாளருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நிபந்தனை மீறப்பட்டதாக அறிவித்தல் அனுப்பி, காரணம் காட்ட இடமளித்து, விசாரித்த பின்னரே அதை அவர் பயன்படுத்தலாம். அதன் பின்னரும் காணி ஆணையாளரிடம் மேன்முறையீடு செய்யலாம்.

ஆகவே முதல் வேலை, முடிவை எழுத்தில் வரவழைப்பதுதான். பெர்மிட் இலக்கத்தைக் குறித்து, முடிவை எடுத்தவர் யார், எந்தப் பிரிவின் கீழ், என்ன காரணத்துக்காக என்று ஒரு பக்கக் கடிதத்தில் கேளுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பின் பிரதியைக் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும்.

கோப்பில் "காணி தரிசாக விடப்பட்டது" என்று மட்டும் இருந்து, குறிப்பிடப்பட்ட காலத்தில் உங்கள் குடும்பம் போரில் இடம்பெயர்ந்தோர் வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமில் இருந்திருந்தால், முகாமில் தந்த குடும்ப அட்டையும் மீள்குடியேற்றப் பதிவும் விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதத்தைவிடப் பெறுமதியானவை. முடிவை ரத்துச்செய்யக் கேட்டு எழுத்தாணை மனுவோடு நீதிமன்றம் போனாலும், காணி யாருக்கு உரியது என்று நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. அதிகாரி சட்ட எல்லைக்குள் நின்றாரா, உங்களைக் கேட்டாரா, பார்த்திருக்கவேண்டியதைப் பார்த்தாரா என்பதையே ஆராயும். வென்றாலும் முடிவு ரத்தாகி, விடயம் பெரும்பாலும் அதே மேசைக்கே திரும்பும். பலர் ஏமாற்றமடைவது இதில்தான்.

அரச காணி தொடர்பான எழுத்தாணை மனுவை வவுனியா மாகாண மேல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து காலத்தை இழக்கக்கூடாது. அந்த நியாயாதிக்கம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ், கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். பாரபட்சம் காட்டப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று நீதிமன்றம் பார்ப்பதால், முறைப்பாட்டுத் துண்டை மட்டும் நம்பியிருக்கவேண்டாம்.

அரச காணியை மீளப்பெறுவதற்கான 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வந்தால் இன்னும் அவசரம். நீதவான் முன்னிலையில் செல்லுபடியான பெர்மிட்டையோ அரசின் வேறு எழுத்து அனுமதியையோ மட்டுமே காட்டலாம். நாற்பது வருடம் இருந்தோம் என்பது அங்கே எடுபடாது. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ சட்டத்தரணியிடமோ போகும்போது அறிவித்தலோடு அது வந்த கடித உறையையும் கொண்டுபோங்கள்; தபால் முத்திரையிலுள்ள திகதி தேவைப்படும்.